தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் லைன் சூப்பர்வைசர்களுக்கு வணக்கம்.

தைத்து முடித்த பீஸ்களில் குறை பார்க்கும் செக்கிங் மேசையில் பல வருடங்களாக நிற்பவள் எழுதுகிறேன். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் பெண்களைப் பற்றி நீங்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: "மரியாதையே தெரியவில்லை, மேனேஜரைப் போய் நீ, வா என்கிறாள்." அவள் யாரிடம் தமிழ் படித்தாள்? வந்த நாள் முதல் அவள் காதில் விழுந்ததெல்லாம் வா, போ, எடு, சீக்கிரம். நம்மிடம் வாங்கியதைத்தான் திருப்பித் தருகிறாள்.

தேனி, மதுரைப் பக்கமிருந்து வந்த எங்கள் பேச்சைக் கேட்டும் ஒரு காலத்தில் சிரித்தவர்கள் உண்டு. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' சேர்த்துப் பேசப் பழகிக்கொண்டோம். எங்களுக்குத் தமிழாவது இருந்தது.

தப்பாகப் பேசுகிறவளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பேசாமல் இருப்பவளைப் பற்றித்தான் கவலை. "சரி அண்ணா" என்று தலையாட்டினால் திட்டு நின்றுவிடும் என்பதைச் சில நாட்களிலேயே கண்டுகொள்கிறாள். நீங்களும் புரிந்துவிட்டது என்று அடுத்த மெஷினுக்கு நகர்ந்துவிடுகிறீர்கள்.

ஊசி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓவர்லாக் தையல் மெஷினில் ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்தி, துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்ட வேண்டும். அதன் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அங்கிருக்கும் பீஸ்களைத் தனியே எடுத்துச் சோதிக்க வேண்டும். போடுகிறவர் உடம்பில், அதுவும் குழந்தைகள் உடம்பில், குத்திவிடக் கூடாது என்று, ஆர்டர் கொடுத்து வாங்கும் பையர்கள் இதில் அவ்வளவு கறார். உள்ளூர் டெய்லர் என்றால் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார். எங்கள் லைனில் புதிதாக வந்த ஒருத்தி, உடைந்த ஊசியின் முனை கிடைக்காமல், யாரிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியாமல், பக்கத்து மெஷினில் ஊசி வாங்கி மாட்டித் தைக்க ஆரம்பித்துவிட்டாள். மெட்டல் டிடெக்டர் கத்தியபோது மாலையாகிவிட்டது. அவள் வாங்கிய திட்டு மாடி வரை கேட்டது. உடைந்தால் சொல்ல வேண்டும் என்பதை அவளுக்குப் புரிகிற மொழியில் யார் சொன்னது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் பத்துச் சொல் இந்தியும் இதற்கு உதவாது. ஒடியா பேசுகிறவளுக்கும் சந்தாலி பேசுகிறவளுக்கும் இந்தியும் கற்றுக்கொள்ள வேண்டிய மொழிதான்.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, அதிகாரிகள் இந்தியில் விளக்கம் சொன்னார்கள், உதவி எண்களும் வந்தன. ஆள் ஓடிவிடுவான் என்ற பயம் வந்தால் மொழி கிடைத்துவிடுகிறது. பாலியல் தொல்லை பற்றிப் புகார் வாங்கும் குழுவின் விவரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்கிறது 2013 ஆம் ஆண்டுச் சட்டம். நான் வேலை பார்த்த இடங்களில் அது தமிழிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. யாருக்கு அது மிகவும் தேவையோ அவளால் படிக்க முடியாது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. முதல் வாரம் அவள் மொழி பேசும் பழைய ஆள் ஒருத்தியைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். அந்தப் பழைய ஆள் பீஸ் ரேட்டில், தைக்கும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவளாக இருந்தால், அந்த வாரம் அவள் கூலி குறையும், அதைக் கம்பெனி ஈடுகட்ட வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்காமல், "செய்து காட்டு" என்று கேளுங்கள். அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

கூலி விஷயம் முதலாளியிடம் நீங்கள் சொன்னால் எடுபடும், நாங்கள் சொன்னால் எடுபடாது. அடுத்த முறை காண்டிராக்டர் ஆள் கொண்டுவந்து இறக்குவதற்குள் பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு செக்கிங் தொழிலாளி