அப்பலாச்சியப் பாதையும் ஓர் உண்ணியும்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சாவித்திரி,

“அமெரிக்காவில் ஏதோ பூச்சி கடித்துப் படுத்துவிட்டாயாமே” என்று எழுதியிருந்தாய். செய்தி எப்படிப் பரவியதோ, என் நாத்தனார் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டாள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் கதை கொஞ்சம் நீளம்.

அண்ணன் மகளோடு அப்பலாச்சியப் பாதையில் நடக்கப் போனேன். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்கள், ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். முழுவதும் நடக்க வேறு வேலையில்லாதவர்களா நாங்கள்? பென்சில்வேனியாவில் ஒரு துண்டு, நியூ ஜெர்சியில் ஒரு துண்டு, அவ்வளவுதான். பென்சில்வேனியாப் பகுதி முழுக்கக் கூரான கல். வழிகாட்டுவதற்கு மரத்தில் வெள்ளைப் பட்டை பூசியிருக்கிறார்கள், அதைப் பார்க்க நிமிர்ந்தால் கால் இடறுகிறது.

ஜூன் மாதம். கழுத்தில் வலி, அசதி, சாயங்காலமானால் குளிர்க்காய்ச்சல். கல்லில் நடந்தால் வலி வரும், காய்ச்சல் எதற்கு வருகிறது என்று அண்ணன் மகள்தான் சந்தேகப்பட்டாள். முழங்காலின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. அரிப்பில்லை, எரிச்சலில்லை. அவள் கைபேசியில் காட்டிய உண்ணிக்கடிப் படங்களில் சிவப்பு வளையம் வளையமாக இருந்தது. எனக்கோ ஒரே சிவப்பு. டெலவேர் வாட்டர் கேப் என்ற இடத்தருகே பார்த்த மருத்துவர், எல்லோருக்கும் வளையம் வராது, இது உண்ணி கடித்து வரும் லைம் நோய்தான் என்றார். இரத்தம் எடுக்கவில்லை. கிருமிக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் தெரியச் சில வாரங்கள் ஆகுமாம், அதற்கு முன் சோதித்தால் இல்லை என்றே வரக்கூடும். கடித்த உண்ணியை நான் பார்க்கவேயில்லை. அந்தப் பருவத்து இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும்.

கொடுத்தது டாக்சிசைக்ளின் என்ற பாக்டீரியாக் கிருமிக்கான மாத்திரை, 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். விழுங்கியவுடன் படுக்கக் கூடாது. பாலும் தயிரும் மாத்திரையோடு சேரக் கூடாது. தயிர்சாதத்தைக் கடிகாரம் பார்த்துச் சாப்பிட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

காய்ச்சல் சட்டென்று விட்டது. அசதி விடவில்லை. மாத்திரை தீர்ந்ததும் “குணமாகிவிட்டதே, நட” என்றார்கள். மெதுவாக மேலேறி சன்ஃபிஷ் குளம் வரை போனோம். முன்பு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஏறுகிற ஏற்றம்தான். அன்று பேச்சு ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம். அங்கேயே பையை இறக்கினேன். அண்ணன் மகள் வாயைத் திறக்கவில்லை. புத்திசாலிப் பெண்.

ஊர் திரும்பியதும் அண்ணனுக்கு ஒரு பிடிவாதம்: சோதனை செய்து குணமானதற்குச் சான்று வேண்டும். இங்குள்ள மருத்துவர் மறுத்துவிட்டார். எதிர்ப்புப் பொருள் வருஷக்கணக்கில் இரத்தத்தில் தங்குமாம், சோதனையில் குணம் தெரியாது. இன்னும் சில மாதம் மாத்திரை தொடரலாமே என்றதற்கும், அதனால் பயனில்லை, சிலருக்கு இந்த அசதி மாதக்கணக்கில் நீடித்துத்தான் போகும் என்றார். ஒருவகைச் சிறுபூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு இங்கே எழுதும் அதே மாத்திரைதானே என்று அவருக்கு ஒரு சிரிப்பு வேறு.

ஒன்று சொல்ல வேண்டும். 1975-ல் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊர்ப்பக்கம் பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கியபோது, தாய்மார் இருவர் சுகாதாரத் துறையை விடாமல் கேட்டதால்தான் ஆராய்ச்சியே தொடங்கியது. கிருமி அடையாளம் தெரிய 1980-கள் ஆகிவிட்டன. “அசதிதானே” என்று யாராவது என்னிடம் சொல்லும்போதெல்லாம் அந்த இருவரை நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது காலையில் அல்சூர் ஏரிக்கரையில் நடக்கிறேன். ஒரு நாள் நன்றாக இருக்கிறது, மறுநாள் பாதியில் பெஞ்சு தேட வேண்டியிருக்கிறது.

ஜனவரியில் சிவமொக்கா காட்டுக்குப் போகலாம் என்கிறாய். வேண்டாம். 1957-ல் அங்குள்ள கியாசனூர் காட்டில் கண்டறிந்த குரங்குக் காய்ச்சல் அந்த மாதங்களில்தான் பரவும். அதையும் உண்ணிதான் கொண்டுவருகிறது, ஆனால் வைரஸ் என்பதால் என் மாத்திரை அதற்குச் செல்லாது. மழைக்காலத்தில் வா, குடகுப் பக்கம் போகலாம். அட்டை கடிக்கும்தான், கடிக்கட்டும். கண்ணுக்காவது தெரிகிறதே.

அன்புடன்,
மங்கை