செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கலிஃபோர்னியாவில் வாழும் தமிழ்ப் பறவை ஆர்வலர்களான நாம், இந்த ஆண்டும் லாஸ் பேனோஸ் பக்கத்து கிராஸ்லாண்ட்ஸ் ஈரநிலங்களுக்கு இரண்டு முறை போய்வந்தோம். வேடந்தாங்கலில் பார்த்துப் பழகிய ஊசிவால் வாத்துகளை அங்கே கூட்டங்கூட்டமாகக் கண்டபோது குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் துள்ளினார்கள்.

கிராஸ்லாண்ட்ஸ் இருக்கும் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் (சென்ட்ரல் வேலி) பழைய ஈரநிலங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. மிஞ்சியதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனியார் கையில். அதனால்தான் கன்சர்வேஷன் ஈஸ்மென்ட், அதாவது நிலத்தைக் காக்க உரிமையாளர் எழுதிக் கொடுக்கும் பத்திரம், பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசினோம். "அரசே வாங்கிவிடலாமே" என்று பலர் கேட்டார்கள். வாங்க நிறையப் பணம் வேண்டும். எல்லாரும் விற்கவும் மாட்டார்கள். ஈஸ்மென்ட்டில் நிலம் உரிமையாளருடையதாகவே இருக்கும். தூர்க்கும் உரிமை, வீடு கட்டும் உரிமை போன்றவற்றை மட்டும் அவர் அரசுக்கோ நில அறக்கட்டளைக்கோ எழுதிக் கொடுக்கிறார். ஊரில் வில்லங்கச் சான்றில் ஏறும் வில்லங்கம் மாதிரி அது நிலத்தோடே போகும். பிள்ளைகளுக்குப் போனாலும், விற்றாலும் விடாது.

அப்புறம், அந்த நிலங்களில் நிறைய வாத்து வேட்டைக் கிளப்புகளுடையவை. சில உறுப்பினர்களுக்கு இது உறுத்தியது, எனக்கும்தான். ஆனால் 1934 முதல் வாத்து வேட்டைக்காக வேட்டைக்காரர்கள் அரசிடம் வாங்கும் வாத்து முத்திரையின் (டக் ஸ்டாம்ப்) பணம் ஈரநிலங்களைக் காக்கச் செலவாகிறது. கிராஸ்லாண்ட்ஸில் ஈஸ்மென்ட் எழுதிக் கொடுத்தவர்களிலும் கிளப்புகள் நிறைய. அவர்கள் இலையுதிர் காலத்தில் தண்ணீர் விட்டு, வசந்தத்தில் வடிப்பதால்தான் பறவைகள் தின்னும் விதைப்புல் முளைக்கிறது. இதை நாம் மதித்தே ஆக வேண்டும்.

பத்திரம் மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். மத்தியப் பள்ளத்தாக்கின் பாசனத் திட்டத்தைத் திருத்திய 1992 கூட்டாட்சிச் சட்டம் அரசுப் பறவைக் காப்பிடங்களுக்கும் கிராஸ்லாண்ட்ஸின் தனியார் ஈரநிலங்களுக்கும் நீர்ப்பங்கு ஒதுக்கியது. அது வறட்சி ஆண்டுகளில் குறைந்துவிடுகிறது.

ஒரு வருத்தம். போன குளிர்காலத்தில் சாண்ட்ஹில் கொக்குகள் இறங்கிய சாலையோர நிலம் ஒன்றுக்கு ஈஸ்மென்ட் எதுவும் இல்லை. உரிமையாளர் மாறினார், இப்போது அங்கே பாதாம் கன்றுகள். கொக்குகள் நின்ற இடத்தில் சொட்டுநீர்க் குழாய் ஓடுவதைப் பார்த்துவிட்டு வண்டியில் யாரும் பேசவில்லை.

சரி, அடுத்த ஆண்டுக்கு வருவோம். ஈஸ்மென்ட் நிலங்களை ஆண்டுதோறும் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். அந்த வேலையில் நாம் உதவலாமா என்று நில அறக்கட்டளைகளிடம் கேட்க நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. வரக்கூடியவர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்