வீராணத்துக் கரையில் என்னைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு

‘பொன்னியின் செல்வன்’ வாசகத் தோழமைகள் அனைவருக்கும் வணக்கம்.

ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரைக்கு என் அம்மாவையும் அழைத்துச் சென்றதற்காக உங்களில் சிலருக்கு அன்றே நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் பல பேருடைய உழைப்பும் பரிவும் இருக்கின்றன. இணையத்திலேயே கூடி இணையத்திலேயே பழகும் நம் குழுவில் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை; யார் யாருக்கு என்ன செய்தார் என்பது மற்றவர்களுக்குத் தெரிய வாய்ப்பும் இல்லை. தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன். அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் ஜாம்ஷெட்பூரில் பிறந்து வளர்ந்தவள். இரும்பாலை வேலைக்காக வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே உண்டு. எங்களுடையதும் அவற்றில் ஒன்று. வீட்டில் தமிழ் பேசினோம், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்தோம். அங்கே நான் மதராசிப் பெண்; கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் வந்தால் வடக்கேயிருந்து வந்த பெண். 2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் படம் முதல் பாகம் வந்தபோது, அதைப் பார்த்துவிட்டுக் கதையின் மிச்சத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் உங்களிடம் வந்தேன். அப்போது எனக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும். படம் பார்த்து வந்தவர்களைக் கல்கியின் பழைய வாசகர்கள் சற்றுக் கீழாக நினைப்பார்களோ என்ற தயக்கம் எனக்கு இருந்தது. நீங்களோ என் ஊரைக்கூட முதலில் கேட்கவில்லை. “எந்த அத்தியாயத்தில் இருக்கிறீர்கள்?” என்றுதான் கேட்டீர்கள். எங்கே போனாலும் ஊரையும் உறவையும் சொல்லி என்னை விளக்க வேண்டியிருந்த எனக்கு, ஓர் அத்தியாய எண்ணை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார இடம் கிடைத்தது.

அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. புதிதாகப் படிக்கும் ஒருவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, அதற்கு மேற்பட்ட எதையும் அவர் காதில் விழாமல் காப்பது உங்கள் வழக்கம். 1950-இல் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வெளிவந்து, தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்ட ஒரு கதையின் மர்மத்தை, யாரோ ஒருத்திக்காக இத்தனை பேர் சேர்ந்து காப்பாற்றினீர்கள். கதையின் மர்மப் பெண்ணான நந்தினியின் பிறப்பைப் பற்றி நான் தவறான ஊகங்களை அடுக்கியபோதெல்லாம் “மேலே படியுங்கள்” என்பதற்கு மேல் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அது எத்தனை பெரிய மரியாதை என்பதை, ஐந்தாம் பாகத்தை மூடிவைத்த இரவில் உணர்ந்தேன். இதைப் படிக்கும் புதியவர்கள் சிலரும் இருப்பார்கள் என்பதால் நானும் இங்கே அதைச் சொல்லப்போவதில்லை.

சிங்கப்பூர் அக்காவுக்கு என் முதல் நன்றி. எனக்கு வாசிப்பு வேகம் போதாது என்று அறிந்ததும் ஞாயிறுதோறும் காணொளி அழைப்பில் ஓர் அத்தியாயத்தை அவர் உரக்கப் படிக்கத் தொடங்கினார். நான் வரியில் விரலை வைத்துத் தொடர்ந்து வருவேன். ‘கணவாய்’ என்றால் ஏரித் தண்ணீர் வெளியேறும் வழி, ‘காதம்’ என்பது தொலைவின் அளவு என்றெல்லாம் சொல்ல நிறுத்துவாரே தவிர, என் உச்சரிப்பைத் திருத்த ஒருநாளும் நிறுத்தியதில்லை. சில மாதங்களில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று மாறியது. நாங்கள் இருவரும் படித்தது மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பை. 1998 பொங்கலன்று தொடங்கி, உலகின் பல மூலைகளிலிருந்தும் தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சுச் செய்து, மெய்ப்புப் பார்த்துச் சேர்த்துவைத்த தொகுப்பு அது. அவர்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது. ஆனால் என் நன்றிக்கு உரியவர்களில் அவர்களும் உண்டு.

யாழ்ப்பாணத்து அண்ணனை நான் எப்படி மறப்பேன்! இரண்டாம் பாகத்தில் படகோட்டிப் பெண் பூங்குழலி கோடிக்கரையிலிருந்து கதாநாயகன் வந்தியத்தேவனைப் படகில் ஏற்றிக்கொண்டு இலங்கைக்குப் போகும் பகுதியை நாம் படித்தபோது, எந்தக் காற்றில் படகு எந்தப் பக்கம் இழுபடும், இரவில் எந்த வெள்ளியைப் பார்த்துத் திசை பிடிப்பார்கள் என்று, கடல்தொழில் செய்த தன் குடும்பத்தின் அனுபவத்திலிருந்து அவர் குரல் பதிவுகளாக அனுப்பினார். “தங்கச்சி, வடிவாக் கேளுங்கோ” என்று ஒவ்வொன்றும் தொடங்கும். அவற்றை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கும்பகோணத்து ஐயாவுக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகையானது. கதையை நேசிப்பவர்கள் அதன் அடியில் இருக்கும் கல்லையும் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டின் மைப்படியை, அதாவது கல்லின்மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படியை, படமாக அனுப்பி, எழுத்தெழுத்தாகப் படிக்கக் கற்றுத் தந்தார். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்துகள் குறித்து ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது அது. அதில் சோமன், ரவிதாசன் என்ற பெயர்களை நானே கூட்டிப் படித்தபோது, கதையில் கண்டு அஞ்சிய மனிதர்கள் கல்லிலிருந்து எழுந்து வந்தது போல் இருந்தது. அந்தக் கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு உண்டோ என்று வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் கொண்ட ஐயத்தையும் இன்னொரு வரலாற்றறிஞர் சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்ததையும் வைத்து நம்மிடையே பல இரவுகள் வாதம் நடந்தது. அந்த வாதத்தில் புதியவள் என்று எவரும் எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை; என் கருத்தை முழுமையாகக் கேட்டு, முழுமையாக மறுத்தீர்கள். நான் உங்களில் ஒருத்தி என்று எனக்கு உறுதிப்பட்டது, உங்கள் பாராட்டுகளைவிட அந்த மறுப்புகளால்தான்.

இனி அம்மாவின் செய்தி. கல்கி இதழில் தொடர் மறுபடி வெளியானபோது பாட்டி பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துக் கட்டிய தொகுதிகள் எங்கள் வீட்டில் இருந்தன. அவற்றில் நான்காம் பாகம் ‘மணிமகுடம்’ மட்டும் எப்போதோ இரவலாகப் போய்த் திரும்பவில்லை. கடையில் புதிய பதிப்பு வாங்கலாம்; அம்மாவுக்கு வேண்டியிருந்ததோ ஓவியங்களும் பக்கத்து விளம்பரங்களுமாக அவர் சிறுமியாகக் கண்ட அதே பக்கங்கள். இதை நான் பேச்சுவாக்கில் குறிப்பிட்டேன், அவ்வளவே. காரைக்குடி ஐயா தம் வீட்டு ‘மணிமகுட’த்தைத் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, “படித்து முடித்ததும் அனுப்பினால் போதும், அவசரமில்லை” என்ற சீட்டுடன் தூதஞ்சலில் அனுப்பிவைத்தார். முகம் பார்த்திராத ஒருத்திக்கு, மீண்டும் கிடைக்கவே வாய்ப்பில்லாத ஒரு பொருளை அனுப்ப எத்தகைய நம்பிக்கை வேண்டும்! அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு படித்த நாட்களில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடவில்லை.

வந்தியத்தேவன் குதிரையில் வந்த வீரநாராயண ஏரியை, அதாவது இன்றைய வீராணத்தை, ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அம்மா சொன்னதும் நீங்கள் செய்தவற்றை எழுதினால் மடல் நீளும். மூட்டுவலிக்காரர் ஏறுவதற்கு வசதியாகத் தாழ்ந்த படியுள்ள வண்டியைத் தேடிப் பிடித்த சிதம்பரம் தம்பிக்கும், மடக்கு நாற்காலியைத் தோளில் சுமந்தே கரை நெடுக நடந்த கடலூர் தங்கைக்கும், சித்திரான்னம் கட்டி வந்த மாமிக்கும், உடையார்குடியில் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து, மாவோ சுண்ணாம்போ தடவாமல் எழுத்துகளைத் தெரியவைத்த கோயில் ஊழியருக்கும் எங்கள் இருவரின் வணக்கம். முதல் பராந்தகன் காலத்து ஏரி, இன்று சென்னைக்கும் குடிநீர் தருகிறது என்று யாரோ சொன்னபோது, “அப்படியானால் பட்டணத்தில் இருப்பவர்களும் நம்ம கதைக்குள்தான் இருக்கிறார்கள்” என்று அம்மா பதில் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர்கள் அனைவருக்கும் அது நினைவிருக்கும்.

காரைக்குடி ஐயாவுக்கு ஒரு செய்தி: தங்கள் ‘மணிமகுட’த்தை வரும் தை மாதம் அம்மாவே நேரில் கொண்டுவந்து தருவார், கட்டு தளர்ந்திருந்த இரண்டு இடங்களை நூலால் தைத்திருக்கிறோம், பசை தடவவில்லை. சிங்கப்பூர் அக்கா ஞாயிறு வாசிப்பை இம்முறை என் பொறுப்பில் விட்டிருக்கிறார். புரட்டாசி முதல் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குகிறேன். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் தயங்காமல் எனக்குத் தனியே தெரிவியுங்கள். அரை மணி நேரம் முன்னதாகவே வந்து உங்களோடு உட்கார்ந்து படிக்கிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் ஜாம்ஷெட்பூர் தங்கை