உப்பில் கரையாத நத்தை

ஏற்காடு,
ஜூன் முதல் வாரம்

அன்புள்ள மாப்ளே,

நீ அந்தமானிலிருந்து படம் அனுப்பிய அன்று இங்கே காற்றும் மழையும், கரண்ட் இல்லை. மறுநாள் சாயங்காலம்தான் பார்த்தேன். கறுப்பு உடம்பு, நீளவாக்கில் நீலச் சாம்பல் மேடுகள், மேடெல்லாம் மஞ்சள் கொப்புளம். பட்டுச்சேலை பார்டரைக் கத்தரித்துப் பாறையில் ஒட்டினாற்போல இருந்தது. அதற்குக் கீழே "கடல் அட்டை பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறாயே! கடல் அட்டை வேறுடா, அது நட்சத்திர மீனுக்குப் பங்காளி. இது நத்தை ஜாதி. குஞ்சில் ஓடு இருக்கும், வளரும்போது கழற்றிப் போட்டுவிடும். ஃபிலிடியா வேரிகோசா என்று பிரெஞ்சு விலங்கியல்காரர் லாமார்க் 1801-இல் பெயர் வைத்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

பக்கெட்டில் அதோடு விட்ட நாலு மீனும் விடிவதற்குள் செத்து மிதந்தன, தண்ணீர் சரியில்லை போல என்றாய். தண்ணீர் மேல் பழி போடாதே. இது மேய்வது கடற்பஞ்சை. பஞ்சின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டு, யாராவது சீண்டினால் சளியோடு கக்கும். அந்தச் சளி மீனையும் இறாலையும் கொல்லும் என்று ஜோஹன்னஸ் என்பவர் 1963-லேயே எழுதிவிட்டார். 1975-இல் ஹவாய் வேதியியல்காரர்கள் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். நத்தை தின்னும் பஞ்சிலும் அதே சரக்கு இருந்தது. உன் மீன்களுக்கு ராத்திரி நடந்தது அதுதான்.

இங்கே எனக்கும் நத்தையோடுதான் மல்லுக்கட்டு. கோடை மழை நன்றாகப் பெய்ததில் காபி நாற்றுப் பையெல்லாம் ஓடில்லாத நத்தை. தளிரை ராவித் தின்றுவிட்டுப் போகிறது. ராத்திரி டார்ச் அடித்துப் போய் உப்புப் போடுவேன். நுரைத்துச் சுருங்கி, கொஞ்ச நேரத்தில் கூழாகிவிடும். லீவுக்கு வந்த பேத்தி கூடவே வந்தாள். உன் படத்தையும் பார்த்திருந்தாள். "தாத்தா, உப்புப் பட்டா சாகுற நத்தை கடல்ல எப்படி இருக்கும்?" என்றாள். உப்புப் போட்ட கை அப்படியே நின்றுவிட்டது போ, இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

மாங்காய்க்கு உப்புப் போட்டால் தண்ணீர் விடுகிறதே, அதேதான் என்று சொன்னேன். நம்ம நத்தை உடம்பில் உப்பு கம்மி. வெளியே உப்பு விழுந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரை இழுத்துவிடும். கடல் நத்தைக்கு உள்ளேயும் கடல் அளவுக்கு உப்பு, அதனால் இழுபறி கிடையாது. "அப்ப அதை நம்ம ஏரியில விட்டா?" என்றாள். ஏரித் தண்ணீர் உள்ளே புகுந்து வீங்கிச் செத்துப்போகும் கண்ணு என்றேன். அதோடு என் உப்பு டப்பாவைப் பிடுங்கி ஒளித்துவிட்டாள். இப்போது இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறேன், முதுகு போகிறது.

மற்றபடி சௌக்கியம். முட்டி வலியால் சேலத்துக்கு இறங்குவதே இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் உட்கார்ந்து போனாலே முட்டியில் தெரிகிறது. காபித்தூள் ஒரு கிலோ பார்சல் போட்டிருக்கிறேன், சிக்கரி கலக்காதது.

அடுத்த தடவை அந்தக் கடல் நத்தையைப் பார்த்தால் குச்சியால் மெல்லப் புரட்டி அடிப்பாதத்தைப் படம் எடு. நடுவில் நீளமாகக் கறுப்புக் கோடு ஓடினால் நான் சொன்ன இனமேதான். பக்கெட் வேண்டாம்.

உன் பழைய ரூம்மேட்