தொழுவில் கட்டிப்போட்ட பந்தயக் காளை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹெவிவெயிட் என்னும் அதிக எடைப் பிரிவுக் குத்துச்சண்டை பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்ததைப் படித்ததிலிருந்து, பாளை மார்க்கெட் டீக்கடையில் எனக்கும் என் மைத்துனருக்கும் ஓயாத வழக்கு. அமெரிக்க வீரர் ஜெர்ரி கூனி எந்தக் காலத்திலும், 1982இல் உலகச் சாம்பியனாக இருந்த லாரி ஹோம்ஸை ஜெயித்திருக்க மாட்டார் என்பது அவர் கட்சி. நெடுநாள் சண்டையில்லாமல் கிடந்ததால்தான் கூனி தோற்றார் என்பது என் கட்சி.

1981 மே மாதம் முன்னாள் சாம்பியன் கென் நார்ட்டனைக் கூனி 54 விநாடியில் சாய்த்தார். அடுத்து மேடை ஏறியது 1982 ஜூன் 11, லாஸ் வேகஸில், நேரே ஹோம்ஸோடு 15 சுற்றுப் போட்டி. நடுவே 13 மாதம் ஒரு சண்டை கிடையாது. எங்கள் பக்கம் பந்தயக் காளையை இத்தனை நாள் தொழுவில் கட்டிப்போட்டுவிட்டு, நேரே பெரிய மாட்டு வண்டிப் பந்தயத்தில் பூட்டுவார்களா? அதற்கு முந்தைய சண்டையிலும் ரான் லைல் என்பவரை முதல் சுற்றிலேயே முடித்தவர் மூச்சு வாங்கப் பத்துச் சுற்று ஆடிப் பழகியது எப்போது?

அப்படியும் இரண்டாம் சுற்றில் விழுந்தவர் எழுந்து 13ஆம் சுற்று வரை நின்றார். இடுப்புக்குக் கீழே குத்தியதற்கு மூன்று புள்ளி போனது. அது போகாதிருந்தால் 12 சுற்று முடிவில் இரண்டு நடுவர்களின் கணக்கில் கூனிதான் ஒரு புள்ளி முன்னால்!

இதைக் கேட்டதும் மைத்துனர் கிளாஸை டொக்கென்று வைத்தார். "சரி அத்தான், ஹோம்ஸ் இடது கையை நீட்டி விடுத ஜாப் குத்துக்கு என்ன சொல்லுதிய?"

அதற்கு என்னிடம் பதில் இல்லைதான். ஆனால் தோற்ற பிறகும் 1984 வரை கூனி மேடை ஏறவில்லையே, அதற்கு அவரிடம் பதில் இருக்கிறதா?

– ஓய்வுபெற்ற தபால்காரர்,
பாளையங்கோட்டை