திடீர் ஆத்திரமும் நீண்ட கொடுமையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொலை வழக்குகளில் ஆத்திரமூட்டல் வாதம் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படிப்பவர்கள், அந்த வாதம் எடுபட்டால் குற்றவாளி கைவீசிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றே நினைப்பார்கள். அப்படியில்லை. எதிராளி கடுமையாக, திடீரென ஆத்திரமூட்டியதால் நிதானம் இழந்து கொன்றேன் என்பதே அந்த வாதம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், கொலை பற்றிய 101-ஆவது பிரிவின் முதல் விதிவிலக்கு அது. அது பொருந்தினால், குற்றம் ‘கொலையாகாத மரணம் விளைவித்தல்’ ஆகக் குறையும். தூக்கு இல்லை. கொல்லும் நோக்கம் இருந்திருந்தால் ஆயுள் தண்டனையோ, 5 முதல் 10 ஆண்டு வரை சிறையோ உண்டு. வலியப் போய் வம்பை விலைக்கு வாங்கியவருக்கு இந்தச் சலுகையும் கிடையாது.

நானாவதி வழக்கை விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், உச்ச நீதிமன்றம் எதைக் கணக்கில் எடுத்தது என்பதை விட்டுவிட்டார். 1959 ஏப்ரல் 27 அன்று மனைவி வேறொருவருடன் தனக்கிருந்த உறவைச் சொன்ன பிறகு, கடற்படை அதிகாரியான நானாவதி குடும்பத்தைத் திரையரங்கில் இறக்கிவிட்டார். கப்பலுக்குப் போய்ப் பொய்க் காரணம் சொல்லித் துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வாங்கினார். அதன் பிறகே அந்த ஆளைத் தேடிப் போனார். வீட்டிலிருந்து கிளம்பியது பகல் 1.30 மணி, சுட்டது மாலை 4.20. ஆத்திரம் தணிய அவ்வளவு நேரம் போதும் என்று 1961-இல் ஆயுள் தண்டனையை நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே நேரத்தைக் கணக்குப் பார்த்தது நியாயம்தான்.

ஆனால் ஆத்திரம் வந்த நொடியிலேயே கை ஓங்க உடல் பலம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் அடி வாங்கும் மனைவி அந்த நொடியில் திருப்பி அடித்தால் சாகப்போவது அவள்தான். அதனால் அவன் தூங்கும்வரை பொறுத்திருக்கிறாள். அரசுத் தரப்பு அதையே ‘திட்டமிட்ட கொலை’ என்கிறது. முன்கோபிக்குக் கிடைக்கும் சலுகை, பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவளுக்கு இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

இதைச் சென்னை உயர் நீதிமன்றம் 1989-லேயே உணர்ந்தது. குழந்தைகளோடு கிணற்றில் குதித்த ஒரு தாயின் வழக்கில், நல்லதங்காள் கதையைச் சுட்டிய நீதிபதிகள், ‘நீடித்த ஆத்திரமூட்டல்’ என்பதும் ஒரு விதிவிலக்காக வேண்டும் என்றார்கள். கடைசியாக நடந்தது அற்பச் செயலாகக்கூட இருக்கலாம், அதற்கு முன் நடந்தவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

இதை அனுமதித்தால் பழிவாங்கியவர்களெல்லாம் தப்பிவிடுவார்கள் என்ற அச்சம் பொய்யல்ல. அதற்கும் வழி இருக்கிறது. இங்கிலாந்தின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், நிதானம் இழந்தது திடீரென நடந்திருக்க வேண்டியதில்லை என்கிறது. அதே மூச்சில், யோசித்துப் பழிவாங்கியவருக்கு இடமில்லை என்றும் சொல்லிவிடுகிறது.

நாமோ 2023-இல் தண்டனைச் சட்டத்தையே புதிதாக எழுதினோம். ‘கடுமையான, திடீர்’ என்ற 1860-ஆம் ஆண்டு நிபந்தனையை மட்டும் தொடவில்லை. பழைய சட்டத்தின் 300-ஆவது பிரிவு 101 ஆனதுதான் மிச்சம். இதே பொருளில் மீண்டும் கட்டுரை வெளியிடுவதானால், நானாவதியை விட்டுவிட்டு அந்த 1989 தீர்ப்பிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர்