இடம் மாறும் உங்கள் கோப்புகள்: புதிய பெட்டி, புதிய பெயர்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கடை வழியாகக் கிளவுட்டில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் தமிழ்ப்பள்ளிகள், ஆலய நிர்வாகங்கள், லோரிக் கம்பெனிகள், போட்டோ ஸ்டூடியோக்கள், கிளினிக்குகள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். அடுத்த மாதம் உங்கள் கோப்புகள் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்கு மாறுகின்றன. ஆளுக்கொரு புதிய பெட்டி, அதற்குப் புதிய பெயர். மாதக் கட்டணம் அப்படியேதான்.

புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) இந்தச் செய்தியைப் போட்டதும் பலரும் கேட்டது ஒரே கேள்வி: "இடம்தானே மாறுது, பேரை எதுக்கு மாத்தணும்?" ஓர் ஆலயத் தலைவர் கடைக்கே வந்து, "தம்பி, அம்மன் பேரைத் தமிழ்ல முழுசாப் போட்டா என்ன?" என்றார். கவுண்டரில் நின்றபடி இரண்டு வரியில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இந்த மடல் கொஞ்சம் நீளம்.

பெட்டி என்று நான் சொல்வது உங்கள் கோப்புகள் எல்லாம் சேர்ந்து இருக்கும் இடம். அதை அமேசான் தன் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையில் பக்கெட் என்கிறது. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூரில் அதற்குக் கண்டெய்னர் என்று பெயர். நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் எஸ்3இல் இருப்பதால் அதை வைத்தே பேசுகிறேன். 2024 ஆகஸ்டில் அமேசான் நம் நாட்டிலேயே தன் வட்டாரத்தை, அதாவது கோப்புகளை வைக்கும் கணினி நிலையங்களின் தொகுப்பை, திறந்தது. அதுவரை நமக்குப் பக்கத்தில் இருந்தது சிங்கப்பூர். நோயாளிகளின் பதிவும் மாணவர்களின் பதிவும் நம் நாட்டுக்குள்ளேயே இருப்பது நல்லது என்பது எங்கள் எண்ணம். ஆனால் ஒரு பக்கெட்டை எந்த வட்டாரத்தில் உருவாக்கினோமோ, கடைசிவரை அது அங்கேதான். தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது. அங்கே புதிதாக ஒன்றைச் செய்து, உள்ளே இருப்பதை நகல் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, புதிய பக்கெட்டுக்குப் பழைய பெயரையே வைக்கலாமே? அங்கேதான் சிக்கல். எஸ்3இல் பக்கெட் பெயர் உங்களுக்கும் எனக்கும் மட்டும் உரியதல்ல. சீனா, அமெரிக்க அரசு போன்ற தனிப் பிரிவுகளை விட்டால், உலகத்தில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே பெயர்ப் பதிவேடு. 'மாரியம்மன்' என்று பிரேசிலில் ஒருவர் முந்திக்கொண்டால் நமக்குக் கிடைக்காது. சிங்கப்பூரில் உங்கள் பெயரில் ஒரு பக்கெட் இருக்கும்வரை அதே பெயரில் மலேசியாவில் இன்னொன்று, நாமே கேட்டாலும், வராது. பழையதை முதலில் அழித்துவிட்டுக் கேட்கலாம். அழித்த நொடியிலிருந்து அந்தப் பெயர் யாருக்கும் உரியதல்ல. நமக்கு முன்னால் வேறு யாராவது எடுத்துக்கொண்டால் திரும்பக் கேட்க இடமே இல்லை. உங்கள் கோப்புகளை வைத்து அப்படி ஒரு துணிச்சலில் நாங்கள் இறங்க மாட்டோம்.

வைத்த பெயரை மாற்றவும் வழியில்லை. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பலகை மாறியது, கடிதத் தலைப்பு மாறியது. பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். பழைய விலாசத்தில் கடிதம் வந்தால் ஊர் தெரிந்த தபால்காரர் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். பக்கெட்டுக்கு அப்படி ஒரு தபால்காரர் கிடையாது. ஓர் எழுத்து பிசகினால் 'இல்லை' என்ற பதில்தான். பக்கத்தில் தென்னமரம் தோட்டமும் இருக்கிறது. இந்த நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்டது அங்கேதான், 1917இல். பெயர் தென்னையைச் சொல்கிறது, நிற்பதோ செம்பனை. உள்ளே இருப்பது மாறும், பெயர் நிற்கும். அதனால்தான் பெட்டிக்குள் இன்றைக்கு என்ன இருக்கிறது என்பதைப் பெயரில் நீட்டி எழுத வேண்டாம் என்கிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம், ஆண்டு வேண்டாம், முக்கியமாக நிர்வாகத் தலைவர் பெயர் வேண்டவே வேண்டாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவர் மாறுவார், பக்கெட் மாறாது.

இப்போது பெயரின் எழுத்துகளுக்கு வருகிறேன். பக்கெட்டின் பெயர் இணைய விலாசத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. அதனால் இணைய விலாசத்துக்கு என்ன சட்டமோ அதுதான் இதற்கும். ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், இடைக்கோடு. குறைந்தது 3 எழுத்து, கூடிப்போனால் 63. எழுத்திலோ எண்ணிலோதான் தொடங்கி முடிய வேண்டும். 63 என்பது யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன எண் அல்ல. 1987இல் வெளியான டொமைன் பெயர் (இணைய விலாசப் பெயர்) விதியில், புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைப்பட்ட துண்டின் நீளத்தைக் குறிக்க ஆறு பிட்தான், அதாவது 0 அல்லது 1 எழுத ஆறு இடம்தான், ஒதுக்கினார்கள். ஆறு பிட்டில் எழுதக்கூடிய பெரிய எண் 63. ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்கு முந்திய அந்தக் கணக்குதான் இன்று உங்கள் ஆலயத்தின் பெயர் எவ்வளவு நீளலாம் என்பதை முடிவுசெய்கிறது.

புள்ளி வைக்கவும் எஸ்3 விடும். நாங்கள் வைப்பதில்லை. புள்ளி இருந்தால் உலாவியில் தெரியும் பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழ் பொருந்தாமல் எச்சரிக்கை வரும். அஸூரில் புள்ளியே கூடாது. இரண்டு இடைக்கோடு அடுத்தடுத்து வந்தாலும் ஏற்காது. நாளைக்கு ஒரு சேவையை விட்டு இன்னொன்றுக்குப் போக நேர்ந்தாலும் தடங்கல் வரக்கூடாது என்பதற்காக இரண்டுக்கும் பொதுவான விதியையே வைத்துக்கொண்டோம்.

ஆக, பக்கெட்டுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க முடியாது. இதைச் சொல்ல எனக்கும் வருத்தம்தான். ஆனால் பெட்டிக்குள் போடும் கோப்புகளுக்குத் தாராளமாகத் தமிழில் பெயர் வைக்கலாம், வையுங்கள். ஒரு கோப்பின் முழுப் பெயருக்கு 1024 பைட் இடம். பைட் என்பது கணினிச் சேமிப்பின் ஓர் அளவு. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். 'தீபாவளி' என்பதில் த, ஈகாரக் குறி, ப, கால், வ, ள, இகாரக் குறி என்று ஏழு குறிகள், ஆக 21 பைட். நாம் வழக்கமாக வைக்கும் பெயர்களுக்கு இடம் தாராளமாகப் போதும்.

தமிழில் ஒரு நுணுக்கம் மட்டும் எங்களை இரண்டு நாள் அலையவிட்டது. ஒரு ஸ்டூடியோவின் பெட்டியில் 'கொடியேற்றம்' என்ற பெயரில் இரண்டு கோப்புகள். திரையில் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். ஒரே பெயரில் இரண்டு இருக்கவே முடியாதே என்று பைட்டுகளைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றில் 'கொ'வின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி. மற்றொன்றில் கொம்பு தனி, கால் தனி. நம் கண்ணுக்கு ஒன்று, கோப்புகளை வைத்திருக்கும் கணினியான சேவையகத்துக்கு இரண்டு. இனி எங்கள் நிரல் எல்லாப் பெயரையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிய பிறகே அனுப்பும்.

அதைவிடப் பெரிய குழப்பம் நம் பெயர்களுக்கு நடுவில் வரும் சாய்கோட்டால் வந்தது. அடையாள அட்டையில் ஆண்பிள்ளைக்கு 'ஏ/எல்', பெண்பிள்ளைக்கு 'ஏ/பி' என்று இருக்கிறதல்லவா, அந்தக் கோடுதான். ஒரு பள்ளியின் மாணவர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்து, சான்றிதழ் நகல்களுக்கு நிரலே பெயர் வைக்கும்படி செய்திருந்தோம். மறுநாள் திறந்து பார்த்தால் சான்றிதழ்களைக் காணோம், வரிசையாக உறைகள் (ஃபோல்டர்கள்). குமார் ஏ/எல் ராமன் என்று வைத்துக்கொள்ளுங்கள்; 'குமார் ஏ' என்று ஓர் உறை, அதற்குள் 'எல் ராமன்' என்று ஒரே ஒரு கோப்பு. எஸ்3இல் உண்மையான உறை என்று எதுவும் கிடையாது. பெயரில் சாய்கோடு வந்தால் திரை அதை உறைபோலப் பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். ஒரு கோப்பும் தொலையவில்லை. ஆனால் அன்று அந்த ஆசிரியை பட்ட பதற்றத்துக்கு நாங்கள்தான் காரணம். இப்போது பள்ளியின் பதிவு எண்ணை வைத்தே பெயரிடுகிறோம். அடையாள அட்டை எண்ணை எங்கேயும் பயன்படுத்துவதில்லை, நீங்களும் பயன்படுத்தாதீர்கள். பெட்டிக்குப் பூட்டு உண்டு, பெயருக்குப் பூட்டு இல்லை. விலாசம் போகும் இடமெல்லாம் பெயரும் கூடவே போகும்.

முன்பு நாங்கள் இணையப் பக்கத்தில் நுழைந்து பொத்தானை அழுத்தித்தான் பெட்டிகளைச் செய்தோம். ஒருவருக்குப் 'படம்', இன்னொருவருக்குப் 'போட்டோ', அவசரத்தில் ஒருவருக்கு 'புதுசு' என்று பெயர் வந்திருக்கிறது. இனி ஏபிஐ வழியாக. அதாவது, ஆள் போய்ப் பொத்தானை அழுத்துவதற்குப் பதில், எங்கள் நிரல் சேவையகத்திடம் எழுத்தில் கேட்கும். 'புட்' என்ற கட்டளை, பக்கெட்டின் பெயர், வட்டாரம், நேரம், ரகசியச் சாவியால் (கடவுச்சொல் போன்ற ஒரு நீண்ட குறியால்) போட்ட கையொப்பம். பதில் ஓர் எண்ணாக வரும். 200 என்றால் ஆயிற்று. 400 என்றால் பெயர் விதிக்குள் அடங்கவில்லை. 409 என்றால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அது அயலாருடையதா நம்முடையதா என்பதைக் கூடவே வரும் குறிப்பு சொல்லும். அயலாருடையது என்றால் நிரல் பெயரின் வாலை மாற்றி மறுபடி கேட்கும். நம்முடையது என்றால் நின்றுவிடும், ஆள் வந்து பார்க்க வேண்டும்.

அந்த வட்டாரம் என்ற ஒரு சொல் எங்களுக்கு நல்ல பாடம் கற்றுத் தந்தது. எங்கள் முதல் நிரலில் அதை எழுதாமல் விட்டுவிட்டோம். எழுதாவிட்டால் அமெரிக்காவின் வட வெர்ஜினியா என்று எடுத்துக்கொள்ளும். ஒரு லோரிக் கம்பெனிக்காரர், செம்பனைக் குலை ஏற்றிய எடைச் சீட்டுகளின் படம் திறக்க நேரமாகிறது என்று மூன்று தடவை சொன்னார். நாங்கள் இணையத் தொடர்பைச் சந்தேகப்பட்டோம். பிறகுதான் தெரிந்தது, அவருடைய சீட்டுகள் கடல் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தன. புதிய பக்கெட் செய்து எல்லாவற்றையும் நகல் எடுத்துத்தான் தீர்த்தோம். இப்போது வட்டாரம் இல்லாத கட்டளையை எங்கள் நிரல் அனுப்பவே அனுப்பாது.

உங்கள் புதிய பெயர் மூன்று துண்டாக இருக்கும். முதலில் உங்கள் வாடிக்கையாளர் குறி, அடுத்து பயனைச் சொல்லும் ஒரு சொல், கடைசியில் நிரலே போடும் நான்கு எழுத்து. 'க14-சீட்டு-7பிமடெ' என்பதுபோல, ஆங்கிலச் சின்ன எழுத்தில். வால் எதற்கென்றால், பெயர் மோதுவது அரிதாகும். வெளியாள் ஊகித்துத் தேடுவதும் கடினம். பக்கெட் உருவாக்கும் உரிமை உள்ள சாவி எங்கள் கடைக் கணினியில் மட்டும் இருக்கும். உங்களுக்குத் தரும் சாவி உங்கள் பெட்டிக்குள் கோப்பைப் போடவும் எடுக்கவும் மட்டுமே. அதைத் தயவுசெய்து புலனக் குழுவில் போடாதீர்கள். கடைக்கு வந்து கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய பக்கெட்டுகளை நாங்கள் அழிக்கப் போவதில்லை. நகல் முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் இரண்டு பக்கமும் ஒப்பிடுவோம். அதற்குப் பிறகும் மூன்று மாதம் பழையதில் எல்லாம் இருக்கும். அப்புறம் காலிசெய்து, வெறும் பெட்டியாக வைத்திருப்போம். காலிப் பெட்டிக்குச் சேமிப்புக் கட்டணம் இல்லை. கும்பாபிஷேக அழைப்பிதழிலும் திருமண அட்டையிலும் கியூஆர் குறி அச்சிட்டிருக்கிறீர்கள். அது பழைய பெயரைத்தான் காட்டும். நாங்கள் பெயரை விட்டுவிட்டு, வேறு ஒருவர் அதை எடுத்து அங்கே தன் கோப்பைப் போட்டால், உங்கள் அட்டையை ஸ்கேன் செய்கிறவர் கண்ணில் என்ன படும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெயர் நம் கையிலேயே இருக்கட்டும்.

உங்களிடமிருந்து எங்களுக்கு வேண்டியது: பயனைச் சொல்லும் அந்த ஒரு சொல், அச்சிட்டுக் கொடுத்த இணைப்பு அல்லது கியூஆர் ஏதாவது இருந்தால் அதன் மாதிரி, சாவியைப் பொறுப்பேற்பவர் யார் என்ற விவரம். இம்மாதம் 20ஆம் தேதிக்குள் தந்தால் போதும். சொல் தராதவர்களுக்கு 'கோப்பு' என்று வைத்துவிடுவோம், அதைப் பிறகு மாற்ற முடியாது.

கடைசியாக ஒன்று. மாற்றம் நடக்கும் வாரத்தில் உங்கள் கணினியின் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்து இடிமழையில் கரண்ட் போய் வந்த பிறகு, தாய்ப்பலகையில் உள்ள சிறு பேட்டரி செத்த கணினிகள் பழைய தேதிக்குப் போய்விடுகின்றன. கட்டளையில் உள்ள நேரம் சேவையகத்தின் நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்கு மேல் விலகினால், சாவி சரியாக இருந்தாலும் 403 என்று மறுத்துவிடும். கடிகாரம் தவறாகத் தெரிந்தால் கணினியைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். பேட்டரி மாற்றப் பத்து நிமிடம்தான் ஆகும், நம் வாடிக்கையாளர்களுக்குக் கூலி இல்லை.

அன்புடன்,
உங்கள் கணினிக் கடையார்,
பெஸ்தாரி ஜெயா